இரண்டாவது ஆளின் பந்து

ஜூன் 3, செவ்வாய்

இன்று நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த வாத்தியார் ஒருவர் தன் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டு, "உங்க சரக்குல தரமே இல்லம்மா" என்று சண்டைக்கு வந்தார். உட்கார்ந்ததை மட்டும் சொல்லவில்லை. பிரேம் வளைந்திருந்த விதமே காட்டிக்கொடுத்தது. நிமிர்த்திக் கொடுத்தேன். கூட வேலை செய்கிறவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா போனதிலிருந்து சிரிப்பதும் ஒரு வேலையாகிவிட்டது.

வீடு திரும்பும்போது பேருந்து நிலையத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லாமல் மாடியில் இருக்கும் விளையாட்டுக் கூடத்துக்கு ஏறினேன். அப்பா பேருந்து ஓட்டிய காலத்தில், அடுத்த நடைக்கு நேரம் ஆகும்வரை என்னையும் தம்பியையும் இங்கேதான் விட்டுவிட்டுப் போவார். பாதரசனும் சாம்பல் ராசாவும் இன்னும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். நாங்கள் சாப்பிடாமல்கூடப் படித்த படக்கதை அது. பாதரசன் நல்லவன், ஆபத்து வந்தால் உருகித் துளியாகி நழுவிவிடுவான். சாம்பல் ராசா தொட்டதையெல்லாம் எரிக்கிற கெட்டவன். இரண்டு பேர் பெயரிலும் ஆளுக்கொரு பின்பால் இயந்திரம், உருண்டு வரும் இரும்புப் பந்தைக் குழியில் விழாமல் துடுப்பால் தட்டித் தட்டிப் புள்ளி எடுக்கிற ஆட்டம். பாதரசன் இயந்திரம் எனக்கு, சாம்பல் ராசா தம்பிக்கு. பங்கு பிரித்தது நான்தான், கேட்கவா வேண்டும். சேர்ந்து ஆட வேண்டுமென்றால் பெரிய மனசு பண்ணி அவன் இயந்திரத்துக்குப் போவேன். அங்கேயும் அவனை ஜெயிப்பேன்.

சும்மா நின்று சாம்பல் ராசாவின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியல் ஓடியது. முதல் இடம்: இசட் இசட் இசட். மூன்றாம் இடம்: இசட் இசட் இசட்.

பெயருக்கு மூன்று எழுத்துதான் போடலாம். நான் ஏ ஏ ஏ என்று போடுவேன், மூத்தவளாயிற்றே. அவனுக்குக் கடைசி எழுத்து. அதற்காக எழுத்துகளைக் கடைசிவரை திருகிக்கொண்டே இருப்பான், பொறுமையாக.

அவன்தானா? வேறு யாருக்கு அவ்வளவு பொறுமை?

ஜூன் 4, புதன்

அப்பாவிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யாரோ தூங்குமூஞ்சி குறட்டையை எழுதி வச்சிருப்பான்" என்றார். பிறகு டிவியை அணைத்துவிட்டு வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மறந்துவிடுமா? பிப்ரவரியில், ஆஸ்பத்திரி வாசலில், அம்மாவை உள்ளே துணி போர்த்திப் படுக்க வைத்திருக்கும்போது இந்த மனுஷன் சொன்ன வார்த்தை. "முப்பது வருஷம் ஓட்டினேன், ஒரு கீறல் கிடையாது. நீ ஒரு ஸ்கூட்டர்ல உங்கம்மாவைக் கொண்டுபோய்ச் சாய்ச்சிட்டு வந்து நிக்கிறே. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே." தம்பியின் முழங்கை தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும்தான். கோபத்தில் எல்லோரும் சொல்கிற வார்த்தை. சொன்னபடியே செய்த ஒரே ஆள் என் தம்பி. காரியம் முடிந்த மறுநாள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

ஜூன் 7, சனி

கூடத்துக்காரரைப் பார்த்துப் பேசினேன். ஆள் நரைத்துவிட்டார், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

"பட்டியலெல்லாம் புதுசும்மா. போன மாசம்தான் உள்ள இருக்கிற சர்க்யூட் பலகையை மாத்தினோம், அப்போ பழசெல்லாம் அழிஞ்சு போச்சு. அந்த இசட்டா? வருவான். ஒல்லியா, தாடி வச்சுக்கிட்டு. ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால் மேல வச்சுக்கிட்டு கொக்கு மாதிரி நின்னு ஆடுவான். பேச்சே கிடையாது."

கொக்கு. அவன்தான். அவனேதான். ஆறு வயதிலிருந்து அப்படித்தான் நிற்பான், "ரெண்டு கால்ல நில்லுடா, ஒண்ணை அடகா வச்சிருக்கே?" என்று அம்மா திட்டுவாள்.

உயிரோடு இருக்கிறான். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். போவோர் வருவோரெல்லாம் பார்த்தார்கள், பார்க்கட்டும். காவல் நிலையத்தில் என்ன சொன்னார்கள்? "இருபத்தாறு வயசு ஆம்பளை. தானா போனான், தானா வருவான்." இத்தனை மாதத்தில் அவன் இருக்கிறான் என்று எனக்குச் சொன்னது ஒரு வில்லன் இயந்திரம்தான்.

எப்போது வருவான் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அடுத்த முறை வந்தால் போன் செய்யச் சொல்லி நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு யோசனை. பட்டியலில் அவன் பெயருக்குக் கீழே என் ஏ ஏ ஏ வந்துவிட்டால்? பார்ப்பான். அக்கா வந்திருக்கிறாள், தேடுகிறாள் என்று தெரியும். வேறு எந்த வழியில் அவனுக்குச் செய்தி அனுப்புவது? அதற்கு நான்காம் இடம் பிடித்தால் போதும். சின்ன வயதில் அவனையே ஜெயித்தவள்தானே நான்.

காசு போட்டேன். கம்பியை இழுத்து விட்டேன். பந்து மேலே போனது, இரண்டு முட்டு முட்டியது, இரண்டு துடுப்புக்கும் நடுவில் நேராக வந்து குழியில் விழுந்தது. நான் கையை அசைக்கக்கூட இல்லை. சாம்பல் ராசா கேட்டான்: "இவ்வளவுதானா உன் வீரம்?"

மூன்று பந்தும் அப்படியே. பக்கத்தில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜூன் 11, புதன்

இன்றும் போனேன். இன்றும் இவ்வளவுதான் என் வீரம்.

ஜூன் 17, செவ்வாய்

தினமும் கடை முடிந்ததும் அங்கேதான். பந்தைத் தடுக்கிறேன், ஆனால் தடுத்த வேகத்தில் அது வேறெங்கோ போகிறது. ஆத்திரத்தில் இயந்திரத்தைப் பிடித்து உலுக்கினேன். உடனே விளக்கெல்லாம் அணைந்து, "என்னை ஆட்டாதே!" என்று சாம்பல் ராசா கத்தினான். துடுப்பு இரண்டும் செத்துவிட்டன. பந்து என் கண் முன்னாலேயே சாவகாசமாக உருண்டு குழிக்குள் போனது.

இயந்திரங்களைப் பழுது பார்க்க வாரம் ஒரு நாள் ஒருவர் வருகிறார். எப்போதும் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக இருப்பதால் கூடத்துக்காரர் அவரைத் திருப்புளி என்றுதான் கூப்பிடுகிறார். நான் ஆடுவதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"ரொம்ப உலுக்கினா பூட்டிக்கும்மா. தொட்டும் தொடாம தட்டணும்."

"எனக்கு ஆடத் தெரியும்ணா. சின்ன வயசுல என் தம்பியை எத்தனை தடவை ஜெயிச்சிருக்கேன் தெரியுமா?"

"எந்தத் தம்பி, அந்த இசட்டா?" அவர் சிரித்துவிட்டார். "அவன் கை பிறவியிலேயே வர்ற கை. நீங்க அவனை ஜெயிச்சீங்களா? அவனா விட்டிருந்தாத்தான் உண்டு."

கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரோடு மனதுக்குள் சண்டை போட்டேன். குளிக்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது. அவனுடைய கடைசிப் பந்து. என் புள்ளியை நெருங்கும்வரை நன்றாக ஆடுவான். அப்புறம் "ஐயோ போச்சே!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குவான். பந்து வருவதற்கு முன்பே தூக்கிவிடுவான். என்னைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைவாகத்தான் எப்போதும் இருக்கும் அவன் புள்ளி. தோற்றால் நான் பேச மாட்டேன், சாப்பிட மாட்டேன், ஊரைக் கூட்டுவேன். அது அந்தச் சின்னப் பயலுக்குத் தெரிந்திருக்கிறது.

திருட்டுப் பயலே. இத்தனை வருஷம் என்னை ஜெயித்தவளாகவே நம்ப வைத்துவிட்டாயே.

ஜூன் 21, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

மதியம் ஒரு பெரியவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. "வந்திருக்கான்மா" என்றார் கூடத்துக்காரர், அவ்வளவுதான் கேட்டேன். சோதனைச் சட்டம் மூக்கின் மேல் இருக்க அந்தப் பெரியவரை அப்படியே உட்கார வைத்துவிட்டு ஓடினேன்.

ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது. சட்டைக்குள் ஆளே இல்லை, அவ்வளவு மெலிவு. மெதுவாகப் போயிருக்க வேண்டும். பக்கத்தில் போய்ச் சும்மா நின்றிருக்க வேண்டும். நான் வாசலிலிருந்தே "டேய்!" என்று கத்தினேன். திரும்பினான். என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துப்போனது. பின்பக்கம் நகர்ந்தான். போகிறானே, போகிறானே என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது.

"வீட்டுக்கு வாடா! அப்பா சாப்பிடறதில்லடா. அம்மா போனது போதாதா? அவரையாவது விட்டு வைடா!"

நான்தான் சொன்னேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

பின்படிக்கட்டு வழியாக ஓடிவிட்டான். நானும் ஓடினேன். கீழே பேருந்துகள், கூட்டம், ஒன்றும் தெரியவில்லை. அவன் விட்டுப்போன ஆட்டம் மேலே ஓடிக்கொண்டிருந்தது. பந்து விழுந்திருக்க வேண்டும். நான் திரும்பி ஏறும்போது சாம்பல் ராசா சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 22, ஞாயிறு

விட்டு வைடா. என்ன அர்த்தத்தில் கேட்டிருப்பான்? ஒரே அர்த்தம்தானே இருக்கிறது.

ஜூலை 2, புதன்

பட்டியலில் புதிதாக எதுவும் இல்லை. அவனை யாரும் பார்க்கவில்லை. காலையில் கடைக்குப் போகும்முன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை மாடி ஏறி இறங்குகிறேன். கூடத்துக்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கிவிடுகிறார், கேட்கிற சிரமம்கூட எனக்கு வைக்கவில்லை.

கடையில் கண் சோதிக்கும்போது எழுத்துப் பலகையைக் காட்டி "இது என்ன, இது என்ன" என்று கேட்டுக்கொண்டே வருகிறேன். அதில் ஒரு இசட் இருக்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் கேட்க மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். இன்று ஒரு அம்மா, "உனக்கே தெரியலையா கண்ணு?" என்று கேட்டாள்.

எங்கே இருக்கிறாய்? சாப்பிட்டாயா? ஏதாவது செய்துகொண்டாயா? எழுதவே பயமாக இருக்கிறது, எழுதினால் நடந்துவிடுமோ என்று. நடந்திருந்தால் எனக்கு யார் வந்து சொல்வார்கள்?

ஜூலை 5, சனி

காவல் நிலையத்திலிருந்து போன். ரயில் பாதையோரம் ஒரு உடல், வயது இருபத்தைந்து சுமார், தாடி, அடையாளம் சொல்ல யாரும் வரவில்லை, வந்து பார்க்க முடியுமா என்றார்கள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. தனியாகப் போனேன்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், கடைசி அறை. அம்மாவை வைத்திருந்த அதே வரிசை. ஊழியர் துணியைக் கால் பக்கமிருந்து விலக்கினார். "முகம் வேணாம்மா, வேற ஏதாவது அடையாளம் சொல்லுங்க" என்றார். முழங்கையைக் காட்டச் சொன்னேன். காட்டினார். தழும்பு இல்லை. சுத்தமான முழங்கை.

அவன் இல்லை. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்தப் பையன் யாருக்கோ தம்பி, அவன் முன்னால் நின்றுகொண்டு அப்பாடா என்கிறேன். என்ன மனுஷி நான். வெளியே வந்து குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன், கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன். ஊழியர்தான் வந்து குழாயை மூடினார்.

ஜூலை 8, செவ்வாய்

எல்லாம் போச்சு.

இன்று மாடி ஏறினால் சாம்பல் ராசாவின் திரையில் பட்டியல் முழுக்கக் கம்பெனிக்காரன் போட்டுவைத்த ஏதேதோ பெயர்கள். இசட் ஒன்றுகூட இல்லை. திருப்புளி கையில் துணியோடு நிற்கிறார்.

"புதுப் பலகையில பழைய பேட்டரியைத்தான் போட்டிருந்தோம், ஒழுக ஆரம்பிச்சிடுச்சும்மா. விட்டா பலகையையே அரிச்சிடும். மாத்திட்டேன்."

"பேர் எங்க? பேரெல்லாம் எங்க?"

"கரண்டை அணைச்சிட்டு மாத்தினா ஞாபகம் போயிடும்மா. போட்டபடியே மாத்தியிருக்கலாம், நான் அதை யோசிக்கல. வெறும் புள்ளிதானே, மறுபடி…"

வெறும் புள்ளியா? வெறும் புள்ளியாய்யா? நான் என்னென்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. அவருடைய பெட்டியை உதைத்தேன். திருகாணியெல்லாம் தரையில் சிதறி ஓடியது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அந்த மனுஷன் முட்டி போட்டுப் பொறுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.

அவன் உயிரோடு இருந்ததற்கு என்னிடம் மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்த மூன்று எழுத்து. இப்போது அதுவும் இல்லை.

ஜூலை 9, புதன்

இன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போல் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்தார். "உட்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். பட்டியல், கொக்குக்கால், நான் வாசலில் நின்று கத்தியது, ஆஸ்பத்திரி முழங்கை, எல்லாம்.

"நீங்க சொன்ன ஒரு வார்த்தைப்பா. ஒரே ஒரு வார்த்தை. அதோட முடிஞ்சுது நம்ம குடும்பம்."

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கை காய்ந்துகொண்டிருந்தது.

"ஸ்கூட்டர் விழுந்த அந்த வளைவுக்கு நான் போனேன்மா" என்றார். "அம்மா காரியத்துக்கு மறுவாரம். நடந்து போய்ப் பார்த்தேன். மணல். யாரோ வீடு கட்ட இறக்கின மணல் ரோடு வரைக்கும் வழிஞ்சு கிடக்கு, மேல மழைத் தண்ணி. வெளிய தெரியவே தெரியாது. நானா இருந்தாலும் விழுந்திருப்பேன்."

"இத்தனை நாளா ஏம்பா சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? சொல்ல வேண்டியவன் இல்லையே."

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவுக்குக்கூட அழவில்லை. சத்தமே இல்லாமல், எச்சில் கையோடு, தோள் மட்டும் குலுங்க.

ஜூலை 12, சனி

நேற்றெல்லாம் யோசித்தேன். பட்டியலில் ஏற எனக்குத் துப்பில்லை. ஏறினாலும் அவன் ஆடினால்தான் பார்ப்பான். ஆனால் இன்னொரு வழி இருக்கிறது. நாங்கள் சேர்ந்து ஆடும்போது தொடங்கும் பொத்தானை இரண்டு தடவை அழுத்துவோம். ஆள் ஒன்று நான், ஆள் இரண்டு அவன். என் பந்து விழுந்ததும் அவன் பந்து வந்து ஓடுபாதையில் நிற்கும். அவன் கம்பியை இழுக்கும்வரை நிற்கும். எத்தனை நேரமானாலும் இயந்திரம் ஆட்டத்தை முடிக்காது.

கூடத்துக்காரரிடம் கெஞ்சினேன். "கரண்டை அணைக்காதீங்கண்ணா. யாரையும் தொட விடாதீங்க. இந்த ஒண்ணை மட்டும் எனக்கு விட்டுடுங்க."

"இது நடக்கிற கதையாம்மா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பாப்போம்" என்றார்.

இரண்டு தடவை அழுத்தினேன். என் பந்தை ஆடினேன். எனக்கு நல்ல ஆட்டம்தான், ஊருக்கு அது கேவலம். விழுந்தது. இரண்டாவது ஆளின் பந்து வந்து பாதையில் நின்றது. நான் கையை எடுத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை சாம்பல் ராசா கூப்பிடுகிறான்: "இரண்டாமவனே! எங்கே ஒளிந்தாய்? வா, என் முன்னால் வா!" படிக்கட்டு வரை கேட்கிறது.

கூப்பிடு. நான் கூப்பிட்டால்தான் ஓடுகிறான். நீயாவது கூப்பிடு.

ஜூலை 15, செவ்வாய்

மாடி ஏறும்போது சாம்பல் ராசா கூப்பிடவில்லை. திரையில் "ஆள் ஒன்று, பந்து இரண்டு" என்று இருந்தது. இரண்டாவது ஆளின் புள்ளி என் புள்ளியைப் போல் பத்து மடங்கு. வந்துவிட்டான், வந்துவிட்டான் என்று குதித்தேன். கூடத்துக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"கோச்சுக்காதம்மா. நான் சாப்பிடப் போயிருந்தேன். யாரோ ஒரு ஜோடி வந்து, பந்து சும்மா நிக்குதேன்னு…"

நான்தான் முட்டாள். யோசித்திருக்க வேண்டும். அவன் என்னைப் பத்து மடங்கு ஜெயிப்பானா?

மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி என் பந்து, மறுபடி அவன் பந்து. வீட்டில் அப்பாவிடம் சொன்னபோது அழுகையும் சிரிப்புமாக வந்தது. அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அது எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்றார்.

ஜூலை 16, புதன்

அப்பா போய் உட்கார்ந்துவிட்டார். திறந்ததிலிருந்து மூடும்வரை. கடை முடிந்து போய்ப் பார்த்தேன். சாம்பல் ராசாவுக்குப் பக்கத்தில் நாற்காலி, ஆனால் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். யாராவது கிட்டே வந்தால் திரும்பாமலேயே "அதுக்கு ஆளிருக்கு, வேற ஆடுங்க" என்கிறார்.

"ஏம்பா இப்படி உட்கார்ந்திருக்கீங்க? வந்தா எப்படித் தெரியும்?"

"மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிட்டேன்லமா" என்றார். "அவன் அதைக் காப்பாத்திக்கிட்டிருக்கான். வந்தான்னா வாக்கை மீறினதா அவன் நினைக்கக் கூடாது. என் மூஞ்சியை நான் திருப்பி வச்சுக்கிறேன்."

கூடத்துக்காரர் என்னைப் பார்த்தார், நான் கூடத்துக்காரரைப் பார்த்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

இல்லை. இன்றும் அவன் வரவில்லை. கழுத்து வலிக்கிறது என்கிறார் அப்பா. எண்ணெய் தேய்த்துவிட்டேன். வேண்டாம்ப்பா, போதும், அவன் இந்த ஊரிலேயே இல்லை போலிருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவரிடம் இருப்பதும் அந்த ஒரு நாற்காலிதான்.

என்னிடம் அதுகூட இல்லை. எனக்கு நம்பிக்கை தீர்ந்துவிட்டது. இதை இங்கே மட்டும்தான் சொல்ல முடியும்.

ஜூலை 24, வியாழன்

படியில் கால் வைத்தபோது சாம்பல் ராசாவின் குரல் கேட்கவில்லை. மறுபடியும் யாரோ தொட்டுவிட்டார்கள் என்று எரிச்சலோடு ஏறினேன்.

அப்பா அதே நாற்காலியில், அதே சுவரைப் பார்த்தபடி. இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"நான் திரும்பல" என்றார். "திரும்பவே இல்லம்மா."

"வந்தானா?"

"வந்தான். நடை தெரியாதா எனக்கு? பின்னால வந்து நின்னான். ரொம்ப நேரம் நின்னான். ஓடிடுவானோன்னு மூச்சுகூட விடல நான்."

"பேசினானா?"

"இல்ல. நான்தான் பேசினேன். சுவத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னேன். அந்த வளைவுல மணல் கிடந்துதுடா, போய்ப் பார்த்தேன், நான் ஓட்டியிருந்தாலும் விழுந்திருக்கும், உன் மேல தப்பு இல்லடான்னு. அவ்வளவுதான் சொன்னேன். அப்புறம் கம்பியை இழுத்த சத்தம் கேட்டுது. ஆடினான். முடிச்சான். போயிட்டான்."

திரையைப் பார்க்கப் பயமாக இருந்தது. வேறு யாராவது இருந்தால்? அப்பா காதும் பழைய காது இல்லை. ஆசைப்படுகிறவருக்கு எந்த நடையும் மகன் நடையாகத்தான் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு போய் நின்று திறந்தேன்.

ஆள் ஒன்று, என் புள்ளி. அந்தக் கேவலமான புள்ளி. ஆள் இரண்டு, அதைவிடக் கொஞ்சம் குறைவு. கொஞ்சமே கொஞ்சம்.

இந்த ஊரில் அந்த இயந்திரத்தில் அவ்வளவு மோசமாக ஆடக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். வேண்டுமென்றே அங்கே வந்து நிறுத்தக்கூடியவன் ஒருவன்தான். கையைத் தலைக்கு மேல் தூக்கியிருப்பான். பந்து வருவதற்கு முன்பே தூக்கியிருப்பான்.

"அவன்தாம்ப்பா" என்றேன். நின்றபடியே என் இரண்டாவது பந்தை ஆடினேன், கண்ணில் தண்ணீர் வழிய, ஒன்றும் தெரியாமல். விழுந்தது. அவன் பந்து பாதையில் வந்து நின்றது.

ஜூலை 27, ஞாயிறு

பேருந்து நிலையத்துச் சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்குகிற வேலையாம், பிறகு அவனே சொன்னான். தூங்குவதும் அங்கேயேதானாம். இத்தனை நாளும் மாடிக்குக் கீழேயே இருந்திருக்கிறான்.

இன்று பக்கத்தில் வந்து நின்றான். முதலில் கண்ணில் பட்டது அந்த ஒற்றைக் கால்தான். நான் கத்தவில்லை, தொடவில்லை, எங்கே இருந்தாய் என்று கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்.

"இந்தத் தடவை விட்டுக்கொடுத்தே, பல்லைப் பேத்துடுவேன்."

அவன் கம்பியை இழுத்தான். பந்து மேலே போனது, கீழே வரவே இல்லை. என் புள்ளியைத் தாண்டியது. இரண்டு மடங்கு ஆனது, பத்து மடங்கு ஆனது. சாம்பல் ராசா தொண்டை கிழியக் கத்தினான். நான் இவ்வளவு மோசமாக யாரிடமும் தோற்றதில்லை.

அப்பா எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.